சென்னை வெயிலில் ஊசியும் நூலும்: பின்னல் பழக வருகிறவர்களுக்கு

மின்சார ரயிலில் நான் பின்னல் பையைத் திறந்தால் பல்லாவரம் தாண்டுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அக்கா, மெட்ராஸ்ல எதுக்கு ஸ்வெட்டர்?" நியாயமான கேள்விதான். மார்கழியில்கூட இருபது டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்குகிற ஊர் இது. அந்த இருபது டிகிரிக்கே குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு என்பது வேறு விஷயம்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். பின்னல் வேறு, ஸ்வெட்டர் வேறு. இரண்டு ஊசியும் ஒரு நூலும் வைத்துத் துணி உண்டாக்குவது பின்னல். அந்த நூல் கம்பளியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. பருத்தி நூலை எடுத்துக்கொண்டால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, பிறந்த குழந்தைக்குத் தொப்பி, தோளில் மாட்டும் பை, கொலுவுக்குப் பொம்மை என்று இந்த ஊருக்கு வேண்டியதே ஆண்டு முழுக்கப் பின்னிக்கொண்டிருக்கலாம்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு குழந்தையின் கழுத்தைப் பார்த்து. என் முதல் முழு உருப்படி, அக்கா குழந்தைக்குப் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர். கடையில் கிடைத்த பளபளப்பான அக்ரிலிக் நூல், இரண்டு மாத உழைப்பு. போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அக்கா ஒன்றும் சொல்லாமல் கழற்றி மடித்து வைத்தாள். அன்றிலிருந்து, என்ன பின்னுவது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த நூல் என்று யோசிக்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும்.

முதலில் உங்கள் பனியனைப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஒரு பனியனையோ டி-ஷர்ட்டையோ எடுத்து வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்பக்கம் திருப்பினால் மேடு மேடாக, அலை போல இருக்கும். திருப்பூரில் இயந்திரம் செய்வதும், நாம் கையில் செய்யப்போவதும் ஒரே துணிதான். வேட்டியிலும் சேலையிலும் பாவும் ஊடையுமாக நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. இங்கே ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது, வேட்டி நீள்வதில்லை.

அந்த 'வி' ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. முன்பக்கம் 'வி' தெரியும்படி பின்னுவது நிட், மேடு தெரியும்படி பின்னுவது பர்ல். இந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் இவற்றைக் கூட்டிக் குறைத்துச் செய்யும் ஜோடனைதான். டெல்லிப் பக்கம் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மாமிகள் இதையே சீதா, உல்டா என்பார்கள். கண்ணிக்கு ஃபந்தா. எனக்குக் கற்றுக்கொடுத்த மாமியும் அப்படித்தான். அங்கே குளிர்கால வெயிலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கும்போது பார்த்துப் பார்த்துக் கற்றாராம். "ரெண்டு சீதா, ரெண்டு உல்டா, மறக்காதடி" என்று அவர் சொன்னது இன்றும் ரிப், அதாவது இழுத்தால் நீளும் விளிம்புப் பட்டை, பின்னும்போது காதில் விழுகிறது.

நூல்

கடைக்குப் போய் "உல்லன் நூல் கொடுங்க" என்று கேட்டால் பத்தில் ஒன்பது இடத்தில் அக்ரிலிக்தான் எடுத்துப் போடுவார்கள். பெயர்தான் உல்லன், உள்ளே ஒரு இழை கம்பளி இருக்காது. அக்ரிலிக்கைக் குறை சொல்ல வரவில்லை. விலை குறைவு, நிறம் ஏராளம், சுலபத்தில் சாயம் போகாது, கொலுப் பொம்மைக்கும் ஊட்டிக்கோ டொராண்டோவுக்கோ அனுப்பும் மஃப்ளருக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. இன்னொன்று, சூடு பட்டால் உருகும். அடுப்படிக்கு எதைப் பின்னினாலும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். உருகி விரலில் ஒட்டிக்கொண்டால் ஆபத்து.

லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் வைத்த கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் வாடை வரும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கடினமான கறுப்பு மணியாக நிற்கும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை 8 ப்ளை என்ற நடுத்தரத் தடிமன் பருத்தி நூல், வெளிர் நிறம். கறுப்பும் கருநீலமும் அழகுதான், ஆனால் கண்ணி தெரியாது. ராத்திரி விளக்கில் அழுகை வரும். வெண்ணெய் நிறம், வெளிர் பச்சை, இளமஞ்சள் எதுவானாலும் சரி. முதல் உருப்படிக்கு 50 கிராம் போதும். பருத்தியில் ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பளி போல அது இழுபட்டுத் திரும்பாது, அதனால் விரல்களுக்குக் கொஞ்சம் வேலை அதிகம். பெரிய உடுப்பாகப் பின்னினால் தன் எடையிலேயே கீழே தொங்கி நீளும். சின்ன உருப்படிகளில் இந்தப் பிரச்சினை இல்லை.

எங்கே வாங்குவது? கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி பாரிமுனை வழியாக சௌகார்பேட்டைக்குள் நடந்தால் லேஸ், மணி, நூல் விற்கும் மொத்தக் கடைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் வார நாளில் காலை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். வீட்டுப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரிலும் தையல் சாமான் கடையிலும் விசாரிக்கலாம். வர்த்மான், கங்கா, ஓஸ்வால் என்ற பெயர்கள் அங்கே காதில் விழும்.

வாங்கும்போது உருண்டையின் தாளில் சாயத் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். லாட் நம்பர் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ஒரு உருப்படிக்கு வேண்டிய எல்லா உருண்டையும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கடையின் ட்யூப்லைட்டில் இரண்டும் ஒரே சிவப்பாகத் தெரியும், வீட்டு வாசலில் வெயிலில் வைத்தால் முதுகு ஒரு சிவப்பு, மார்பு ஒரு சிவப்பு. அடர் நிறப் பருத்தி என்றால் ஈரமான வெள்ளைத் துணியில் நூலைத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள், சாயம் போகுமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நிஜக் கம்பளி மேல் ஆசை இருப்பவர்களுக்காக ஒரு தகவல். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. பாரத் மெரினோ என்ற மெல்லிய ரோம ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். மலைக்குப் போனால் அந்தப் புல்வெளியைப் போய்ப் பாருங்கள். நாம் கையில் பிடிக்கும் நூல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஊசி

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது எண்ணில். நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கு இன்னும் ஓடுகிறது. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 10ஆம் நம்பர் 3.25 மிமீ, 8ஆம் நம்பர் 4 மிமீ, 6ஆம் நம்பர் 5 மிமீ. ஆலைக்காரர்கள் நூலுக்குச் சொல்லும் கவுண்ட் மாதிரி, 40 என்றால் 20ஐ விட மெல்லியது. அமெரிக்கக் கணக்கோ நேர் எதிர். அவர்களுடைய 6தான் 4 மிமீ, 8 என்றால் 5 மிமீ. அமெரிக்க மாதிரிக் குறிப்பில் 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து இங்கே 8ஆம் நம்பர் வாங்கினால், பெரியவருக்குப் பின்னியது பிள்ளைக்குத்தான் ஆகும். நானே ஒரு தொப்பியை இப்படிக் குட்டித் தொப்பியாக ஆக்கியிருக்கிறேன். எண்ணை மறந்துவிட்டு மிமீயில் மட்டும் கேளுங்கள், மிமீயில் மட்டும் எழுதி வையுங்கள்.

8 ப்ளை நூலுக்கு 4 மிமீ சரியான தொடக்கம். உலோகம், பிளாஸ்டிக், மூங்கில், மரம் என்று நான்கு வகை உண்டு. இந்த ஊரின் புழுக்கத்தில் கை வியர்க்கும், உலோக ஊசியில் ஈர நூல் ஒட்டிக்கொண்டு நகராது. மூங்கிலும் மரமும் அந்த ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், கண்ணியும் சட்டென்று நழுவாது. முதல் ஊசி மூங்கிலாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பருத்திக் கைக்குட்டை வைத்துக்கொண்டு கையை அடிக்கடி துடையுங்கள்.

நீளமான நேர் ஊசி இரண்டு வாங்குவதா, நடுவில் ஒயர் கோத்த வட்ட ஊசியா? வட்ட ஊசி. நேர்த் துணியையும் அதில் பின்னலாம், வளையமாகவும் பின்னலாம், எடை மடியில் உட்காரும், பக்கத்தில் இருப்பவர் விலாவில் குத்தாது. 80 செமீ நீளம் வாங்கினால் பல வருஷத்துக்குப் போதும். நல்ல வட்ட ஊசி வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பின்னுகிறவர்கள் தேடி வாங்கும் நிட்ப்ரோ இந்தியாவில் செய்வது. போனி ஊசியின் கதை இன்னும் பக்கம், நீலகிரியில் 1949இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலையிலிருந்து வந்த பெயர் அது.

இவற்றோடு முனையில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசி, மொட்டை முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி, அளவு நாடா, சின்னக் கத்தரி. குரோஷா ஊசி எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதல் சதுரம்

முதலில் பின்ன வேண்டியது ஒரு சதுரம். 15 செமீக்கு 15 செமீ. இரண்டு சதுரம் சேர்த்துத் தைத்தால் தோசைக்கல் பிடிக்க அருமையான பிடிதுணி.

நூல் முனையில் உருவு சுருக்கு ஒன்று போட்டு ஊசியில் மாட்டுங்கள். அது முதல் கண்ணி. அதை இடது கையில் பிடியுங்கள். இனி நான்கே சொல்: நுழை, சுற்று, இழு, கழற்று. வலது ஊசி முனையை இடது ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். பின்னால் இருக்கும் நூலை வலது முனையின் மேல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஒரு சுற்று சுற்றுங்கள். சுற்றிய நூலை அந்தக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். இதுதான் நிட்.

கண்ணி ஏற்றவும் இதே நான்கில் மூன்று போதும். நுழை, சுற்று, இழு. அப்புறம் கழற்றாமல், இழுத்த புதுக் கண்ணியை இடது ஊசியிலேயே பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டு கண்ணி ஆயிற்று. இப்படி 30 வரை ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு இதைவிட அழகான முறைகள் பல உண்டு, ஆனால் எழுத்தில் படித்துப் புரிந்துகொள்ள இதுதான் சுலபம்.

அடுத்து 30 கண்ணியையும் நிட் போட்டு ஒரு வரிசை முடியுங்கள். ஊசிகளைக் கை மாற்றித் திரும்பவும் நிட். எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால் இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாக ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது. அதனால்தான் முதல் துணிக்கு இது. இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு. எத்தனை கண்ணி ஏற்றினீர்களோ ஏறக்குறைய அத்தனை மேடு வந்தால் சதுரம். ஆக 30 மேடு, 60 வரிசை. மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள், சரியாகப் பொருந்தினால் போதும், எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

முடிக்கும் விதம் இது. இரண்டு கண்ணி பின்னுங்கள். முதல் கண்ணியைத் தூக்கி இரண்டாவதன் தலைக்கு மேலாக ஊசிக்கு வெளியே போடுங்கள். இன்னொன்று பின்னுங்கள், திரும்பவும் தூக்கிப் போடுங்கள். கடைசி ஒன்று மிஞ்சும்போது நூலை வெட்டி அதற்குள் இழுத்துவிடுங்கள். இந்த வரிசையை மட்டும் வேண்டுமென்றே தளர்வாகப் பின்னுங்கள். இறுக்கினால் சதுரத்தின் தலை சுருக்குப் பை மாதிரி குவிந்துவிடும்.

ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ஒயர் கூடை பின்னிப் பழகிய கைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிவன் கண் போடத் தெரிந்த விரலுக்கு இழுவையின் அளவு ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்கு முதல் பத்து வரிசை இறுக்கமாகவே வரும். ஊசியைக் கண்ணியில் நுழைக்கவே முடியவில்லை என்றால் தோளைத் தளர்த்துங்கள், விரலில் நூலைச் சுற்றிப் பிடிப்பதை விடுங்கள்.

கண்ணி நழுவும், கூடும், குறையும்

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 30 இருக்க வேண்டியது 31 ஆனால், பெரும்பாலும் வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டிருப்பீர்கள். அப்போது ஓரக் கண்ணி இரண்டு காலும் மேலே வந்து இரண்டு கண்ணி போலத் தெரியும். நூலை ஊசிக்குக் கீழே வைத்துத் தொடங்கினால் சரியாகிவிடும்.

குறைந்திருந்தால் எங்கோ ஒன்று நழுவியிருக்கிறது. துணியை லேசாக விரித்துப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும், அடியில் அந்தக் கண்ணி அநாதையாக நிற்கும். இங்கேதான் குரோஷா ஊசி. அதைக் கண்ணிக்குள் விட்டு, மேலே இருக்கும் முதல் படியைப் பிடித்து உள்ளே இழுங்கள், அப்புறம் அடுத்த படி. மேலே வந்ததும் பின்னல் ஊசியில் மாட்டிவிடுங்கள். 'வி' தெரியும் பக்கத்தில் இது மிகச் சுலபம். எல்லா வரிசையும் நிட்டாகப் போட்ட துணியில் ஒரு படி முன்னாலிருந்து, அடுத்த படி பின்னாலிருந்து என்று மாறி மாறி எடுக்க வேண்டும்.

சிக்கலான மாதிரி பின்னத் தொடங்கியதும் காப்பு நூல் வைக்கும் பழக்கம் வரட்டும். சரியாக வந்த ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூலைக் கோத்து விட்டுவிடுவது. மேலே தப்பானால் ஊசியை உருவிவிட்டுப் பயமில்லாமல் அதுவரை பிரிக்கலாம். பிரித்த நூலைத் தண்ணீரில் நனைத்துச் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். அக்காவின் அந்த மஞ்சள் ஸ்வெட்டரையும் பின்னாளில் கேட்டு வாங்கி இப்படித்தான் பிரித்தேன், இப்போது அது எங்கள் கொலுவில் ஒரு சிங்கமும் இரண்டு வாத்துமாக இருக்கிறது.

ரயிலில், பஸ்ஸில்

எனக்குக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் என் பின்னலில் பாதி நடக்கிறது. பயணத்துக்குச் சின்ன உருப்படியாக எடுத்துப் போங்கள். எண்ணிக்கை மறந்தாலும் கெடாத சதுரம், தொப்பியின் உடல் பாகம் போன்றவை. நூல் உருண்டையைச் சுருக்குப் பையில் போட்டு வாயை இறுக்கி நூலை மட்டும் வெளியே விடுங்கள். ஒருமுறை கிண்டியில் என் உருண்டை உருண்டு படி வழியாக பிளாட்பாரத்துக்கே போனது. நின்றிருந்த பூக்கார அம்மா பந்து மாதிரி பிடித்து ஜன்னல் வழியாகத் திருப்பிப் போட்டார்.

உட்கார இடம் கிடைத்தால் மட்டும் ஊசியை எடுங்கள். நின்றுகொண்டு, அதுவும் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில், வேண்டாம். பையில் வைக்கும்போது இரண்டு முனையிலும் ரப்பர் துண்டு குத்திவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்கி, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், "இன்னும் ரெண்டு வரிசை" என்று போகக்கூடாது.

அளந்து பின்னுவது

சதுரத்துக்கு அளவு முக்கியமில்லை. உடம்பில் போடுவதற்கு முக்கியம். மாதிரிக் குறிப்பில் 10 செமீக்கு 22 கண்ணி என்றிருக்கும். உங்கள் கைக்கு 20 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணிதானே என்று விட்டுவிட்டால், 100 செமீ சுற்றளவுக்கு அவர்கள் சொன்ன 220 கண்ணி உங்கள் கையில் 110 செமீ ஆகிவிடும். அதனால் முதலில் 15 செமீ மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, நடுவில் 10 செமீக்குள் எண்ணுங்கள். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, அதிகமானால் தடித்த ஊசி. துவைக்காமல் அளப்பதில் பயனில்லை, பருத்தி முதல் அலசலில்தான் தன் உண்மை அளவைக் காட்டும்.

இரண்டாவது உருப்படியாகப் பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி. இதற்கு பர்ல் வேண்டும். நூலை முன்பக்கம் கொண்டுவந்து, கண்ணிக்குள் பின்னிருந்து முன்னாக நுழைத்து, அதே திசையில் சுற்றி, பின்பக்கமாக இழுத்துக் கழற்ற வேண்டும்.

10 செமீக்கு 20 கண்ணி வருகிற கைக்கு இந்தக் கணக்கு. 64 கண்ணி ஏற்றுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றி 3 செமீ வரை ரிப். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று, அடியிலிருந்து மொத்தம் 10 செமீ ஆகும் வரை. அடுத்த நிட் வரிசையில் ஆறு பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள், இதையே கடைசி வரை. 56 ஆகும். ஒரு பர்ல் வரிசை. அடுத்ததில் ஐந்து பின்னி இரண்டைச் சேருங்கள், 48. இப்படி ஒவ்வொரு நிட் வரிசையிலும் எட்டெட்டாகக் குறைத்து 8 கண்ணி மிஞ்சும்போது நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எட்டுக்குள்ளும் இழுத்து இறுக்குங்கள். அதே நூலால் பக்கவாட்டைத் தைத்துவிடுங்கள். குஞ்சலம், பொத்தான், ரிப்பன் எதுவும் வேண்டாம், குழந்தை வாயில் போடும்.

ஆட்களைத் தேடுங்கள்

தனியாகப் படித்துப் படித்து ஒரு மாதத்தில் புரியாதது, பின்னத் தெரிந்தவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் புரிந்துவிடும். உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். கான்வென்ட்டில் தையல் வகுப்பில் கற்றவர்கள், வடக்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள், பழைய டிவி மேல் குரோஷா விரிப்பு போட்டு வைத்திருந்த வீட்டுக்காரர்கள். "இது நீங்க போட்டதா மாமி?" என்று கேட்டுப் பாருங்கள், பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

குரோஷாக்காரர்கள் இந்த நகரத்தில் நம்மைவிட அதிகம். சென்னையிலிருந்து தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ் என்ற பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று பல ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்த துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை இங்கே விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. சாதனைக்குப் பிறகு அந்தத் துண்டுகள் போர்வை இல்லாதவர்களுக்குப் போயின. ஒற்றை ஊசியா இரட்டை ஊசியா என்று பிரிந்து நிற்காமல் அவர்களோடு பழகுங்கள். நூல் எங்கே மலிவு, எந்தக் கடைக்காரர் பொறுமையாக எடுத்துக் காட்டுவார் என்ற விவரம் அவர்களிடம்தான் கிடைக்கும்.

ஒரு குழு இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். எங்களுடையது மூன்று பேரோடு ஒரு பூங்கா பெஞ்சில் ஆரம்பித்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணி, மழை வந்தால் யார் வீட்டு மாடிப்படியிலாவது. வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: புதிதாக வருகிறவருக்கு அன்றைக்கு ஒருவர் தன் பின்னலை ஓரமாக வைத்துவிட்டுக் கூடவே உட்கார வேண்டும். பொது இடத்தில் கூடிப் பின்னும் நாள் என்று ஒன்று 2005 முதல் ஆண்டுதோறும் ஜூனில் உலகின் பல நகரங்களில் நடக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் மெரினாவிலும் நடத்தலாம். மணல் நூலில் ஏறும், பாய் எடுத்துப் போங்கள்.

கை பழகியதும் பிறருக்காகப் பின்ன ஆசை வரும். அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்குத் தொப்பி கொடுப்பதென்றால் முதலில் போய் அங்குள்ள செவிலியரிடம் என்ன அளவு, எந்த நூல், எப்படித் துவைத்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். கேட்காமல் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அவர்களுக்கு வேலைதான் கூடும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு மென்மையான பருத்தி நூலில் செயற்கை மார்பகம் பின்னி இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வலர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். எடை குறைவு, காற்று போகும், நம் வெயிலுக்கு உறுத்தாது. இந்த ஊரில் பின்னல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது இப்போது இதைத்தான்.

தெரிந்தவர்கள் "எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன்" என்பார்கள். மனசு வந்தால் செய்யுங்கள், ஆனால் மணிக்கணக்கைச் சொல்லிவிடுங்கள். பெரியவர் ஸ்வெட்டர் என் கைக்கு ஐம்பது மணி நேரம். விலைக்குச் செய்வதென்றால் நூல் விலையோடு அந்த நேரத்துக்கும் கூலி போட்டுச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வைப்பதும் கொடுப்பதும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்தி பூஞ்சை பிடிக்கும். வெயில் வந்த அன்று நூலையெல்லாம் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள், ஈரம் இல்லாத நாளில்தான் டப்பாவை மூட வேண்டும். அந்துப்பூச்சி கடிப்பது கம்பளியையும் பட்டையும்தான், பருத்தியையும் அக்ரிலிக்கையும் அவ்வளவாகத் தொடாது. கம்பளி வைத்திருந்தால் துவைத்துக் காய்ந்த பிறகே மடித்து, இறுக்கமான டப்பாவில், துணியில் கட்டிய வசம்போடு வையுங்கள். மூங்கில் ஊசிகளை நிமிர்த்தி ஒரு பழைய பேனா டப்பாவில் போட்டுவிடலாம்.

பின்னியதை யாருக்காவது கொடுக்கும்போது ஒரு சின்னச் சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்: பருத்தி நூல், பச்சைத் தண்ணீரில் அலசவும், முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டு நிழலில் படுக்க வைத்துக் காயப்போடவும், கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். சீட்டோடு அதே நூலில் இரண்டு மீட்டர் சுற்றி வையுங்கள். என்றைக்காவது ஆணியில் மாட்டிக் கிழிந்தால் தைத்துக்கொள்ள உதவும்.